ஸ்ட்ராபெரி நச்சுத் தவளை

நிகரகுவா, கோஸ்டா ரிகா, பனாமா ஆகிய நாடுகளின் கரீபியக் கடலோரத் தாழ்நில மழைக்காடுகளில் வாழ்வது ஸ்ட்ராபெரி நச்சுத் தவளை. இதன் அறிவியல் பெயர் ஊஃபாகா புமிலியோ. 1857இல் ஜெர்மானிய விலங்கியலாளர் ஆஸ்கர் ஷ்மிட் இதை முதன்முதலில் விவரித்தார். நன்கு வளர்ந்த தவளையே ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் நீளம்தான். ஒரு ரூபாய் நாணயத்தின்மேல் அடங்கிவிடும்.

கோஸ்டா ரிகாவில் இதன் உடல் செக்கச்செவேலென்றும் கால்கள் நீலமாகவும் இருக்கும். பனாமாவின் போகாஸ் டெல் டோரோ தீவுகளிலோ பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, நீலம் எனத் தீவுக்குத் தீவு நிறம் வேறுபடுகிறது. ஆனாலும் இனம் ஒன்றே.

பளிச்சிடும் இந்த நிறம் எதிரிகளுக்கு எச்சரிக்கை. தோல் சுரப்பிகளில் ஆல்கலாய்டு நஞ்சுகள் சேர்ந்திருக்கின்றன. இவற்றைத் தவளை தானாக உருவாக்குவதில்லை. சருகுகளுக்கிடையே பிடித்துத் தின்னும் சிற்றுண்ணிகளிடமிருந்தும் எறும்புகளிடமிருந்தும் பெறுகிறது. கூண்டில் பழ ஈக்களைத் தின்று வளரும் தவளைகளிடம் இந்த நஞ்சு இருப்பதில்லை.

இனப்பெருக்கத்தில் பெற்றோர் இருவருக்கும் பங்குண்டு. ஆண் தவளை தன் எல்லைக்குள் உயரமான இடத்தில் அமர்ந்து குரல் கொடுக்கும். அத்துமீறும் ஆணுடன் மல்லுக்கட்டும். பெண் தவளை சருகின்மேல் சில முட்டைகள் இடும். அவை காய்ந்துவிடாமல் ஆண் ஈரப்படுத்தி வரும். ஒரு வாரத்துக்குப் பின் முட்டைகள் பொரிந்ததும் தாயின் வேலை தொடங்குகிறது. முதுகில் ஏறிக்கொள்ளும் தலைப்பிரட்டையைச் சுமந்து சென்று, அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்த புரோமிலியாட் செடியின் இலைக்கக்கத்தில் தேங்கிய நீரில் விடுகிறது. பொதுவாக ஒரு கக்கத்துக்கு ஒரு தலைப்பிரட்டைதான்.

அந்தச் சிறு நீர்த்தேக்கத்தில் போதிய இரை கிடைக்காது. எனவே தாய் சில நாட்களுக்கு ஒருமுறை வந்து, கருவுறாத முட்டைகளை உணவாக இடுகிறது. தாய் நெருங்கியதும் தலைப்பிரட்டை உடலை விறைத்து வாலை வேகமாக அதிர்த்துப் பசியை உணர்த்தும். இந்த முட்டைகள் கிடைக்காவிட்டால் அது பிழைக்காது. ஊட்டத்தோடு தாயின் நஞ்சும் முட்டை வழியே குஞ்சைச் சென்றடைகிறது என்று 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. இரை பிடிக்கக் கற்பதற்கு முன்பே குஞ்சுக்கு இது ஒரு பாதுகாப்பு.

சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐயூசிஎன்) பட்டியலில் இந்த இனம் இப்போது அழிவாபத்து குறைந்ததாகவே உள்ளது. இதன் சர்வதேச வணிகத்தை, காட்டுயிர் வணிகம் குறித்த சைட்டிஸ் ஒப்பந்தம் கட்டுப்படுத்துகிறது. எனினும் ஒரு சிறு தீவில் மட்டுமே காணப்படும் நிறவகைகளுக்குக் காடழிப்பும், வளர்ப்பு விலங்குச் சந்தைக்காகப் பிடிப்பதும் பெரும் ஆபத்து. நஞ்சுக்கு மூலமான இரையைத் தரும் சருகுப்படுகையும் குஞ்சு வளர இடம் தரும் புரோமிலியாட் செடிகளும் சேர்ந்திருக்கும் காட்டைக் காப்பதே இத்தவளையைக் காக்கும் வழி.