கழுகு முத்திரையும் நம்பர் பஞ்சும்

துப்பாக்கியைப் பற்றி ஆண்டு மலருக்கு எழுதப் போகிறேன் என்றதும் மலர்க் குழுவில் இருந்த சீனியர் அண்ணன் ஒருவர், "ஏம்ப்பா, உனக்கு வேற தலைப்பே கிடைக்கலையா?" என்று கேட்டார். திருச்சிக்காரனுக்குத் துப்பாக்கி என்ன அந்நியமா, நண்பர்களே? 1966-ல் தொடங்கிய துப்பாக்கித் தொழிற்சாலை நம் ஊரில்தானே இருக்கிறது! மெக்கானிக்கல் படிக்கிறவனில் பாதிப்பேர் அங்கே அப்ரண்டிஸ் கிடைக்காதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் நான் எழுத வந்தது வேறொரு துப்பாக்கி. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ராணுவம் வைத்திருந்த 'பி 38' என்ற கைத்துப்பாக்கி. இன்று வெளிநாடுகளில் பழம்பொருள் சேகரிப்பவர்கள் அதை எப்படி எடை போடுகிறார்கள் என்று படித்தபோது, அட, இது நம்ம ஒர்க்‌ஷாப் பாடமாச்சே என்று தோன்றியது.

அதற்கு முன் ஜெர்மன் ராணுவத்திடம் இருந்தது 'லூகர்'. 1908-ல் ராணுவம் எடுத்துக்கொண்டதால் 'பி 08' என்று பெயர். முழங்கை மடங்குவதுபோல மேலே மடங்கி எழும்பும் அமைப்பு. பார்க்க அழகு, செய்ய மகா கஷ்டம்! மெஷினிங் வேலை அதிகம், செலவும் அதிகம். அதனால் 1938-ல் வால்தர் கம்பெனியின் வடிவத்தை ராணுவம் ஏற்றது. 9 மில்லிமீட்டர் தோட்டா, மேகசினில் 8. மொத்த நீளம் 216 மி.மீ., பேரல் 125 மி.மீ. போர் முடிவதற்குள் ஏறக்குறைய 12 லட்சம் செய்துவிட்டார்கள். அதாவது, இது அபூர்வப் பொருளே அல்ல. பிறகு ஏன் ஒன்றுக்குச் சாதாரண விலையும் இன்னொன்றுக்குப் பல மடங்கு விலையும்?

பதில் அதன் மேல் குத்தியிருக்கும் எழுத்துகளில் இருக்கிறது. எந்தத் தொழிற்சாலை எதைச் செய்கிறது என்று எதிரிக்குத் தெரியக்கூடாது என்பதற்காக ஜெர்மானியர்கள் கம்பெனிப் பெயருக்குப் பதில் ரகசிய எழுத்துகளைக் குத்தினார்கள். வால்தருக்கு 'ஏசி'. மௌசர் கம்பெனிக்கு 'பிஒய்எஃப்', 1945-ல் மட்டும் 'எஸ்விடபிள்யூ'. ஸ்ப்ரீவெர்க் என்ற மூன்றாவது கம்பெனிக்கு 'சிஒய்க்யூ'. ஏசியும் பிஒய்எஃப்பும் இருந்தால் பக்கத்தில் வருடத்தின் கடைசி இரண்டு எண்கள் இருக்கும். ஸ்ப்ரீவெர்க் வருடமே போடவில்லை. அடுத்து, ராணுவத்தின் இன்ஸ்பெக்டர் பார்த்து ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாகச் சின்னக் கழுகு, கூடவே ஓர் எண். வால்தருக்கு 359, மௌசருக்கு 135, ஸ்ப்ரீவெர்க்குக்கு 88. மௌசர் எழுத்து இருக்கிற ஸ்லைடில் 359 கழுகு உட்கார்ந்திருந்தால் ஏதோ கோளாறு என்று புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

மூன்றாவது, சீரியல் நம்பர். ஃப்ரேம், ஸ்லைடு, பேரல் மூன்றிலும் ஒரே நம்பர் இருக்க வேண்டும். சேகரிப்பவர்கள் முதலில் தேடுவது இதைத்தான். போரில் சோவியத் படை கைப்பற்றிய துப்பாக்கிகளைப் பிற்பாடு மொத்தமாகப் பிரித்து, சுத்தம் செய்து, கைக்குக் கிடைத்த பாகத்தை மாட்டி, புதிதாக நீலச் சாயம் ஏற்றினார்கள். நம்பர் ஒத்துப்போகாத இடத்தில் பழைய நம்பரை அடித்துவிட்டுப் புது நம்பர் போட்டதும் உண்டு. சுடுவதற்கு அது நல்ல துப்பாக்கிதான். ஆனால் விலை மளமளவென்று இறங்கிவிடும்.

இங்கேதான் நம்ம பாடம் வருகிறது. முதலாம் ஆண்டு ஃபிட்டிங்கில் ஜாபின் மேல் நம்பர் பஞ்ச் வைத்துச் சுத்தியலால் அடிக்கிறோம் இல்லையா? அடித்ததும் எழுத்தைச் சுற்றி உலோகம் லேசாகப் பிதுங்கி நிற்கும். விரல் நகத்தால் தடவினால் தட்டும். பழைய துப்பாக்கியிலும் அந்தப் பிதுக்கம் அப்படியே இருந்தால் அது குத்தியபடியே இருக்கிறது என்று அர்த்தம். யாராவது எமரி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தால் பிதுக்கம் போய்விடும், எழுத்து மங்கும், ஓட்டைகளின் ஓரம் சாஸர் மாதிரி பள்ளம் விழும், கூர்மையான விளிம்பு உருண்டுவிடும். எவ்வளவுக்கு அதிகம் பளபளக்கிறதோ அவ்வளவுக்குச் சந்தேகம்!

நிறமும் பேசும். உளியைச் சூடாக்கி டெம்பர் பண்ணும்போது சுமார் 230 டிகிரியில் வைக்கோல் நிறம் வரும், 300 பக்கத்தில் நீலம் வரும் என்று எழுதிப் படித்தோமே, பழைய லூகரின் ட்ரிகர் போன்ற சின்னப் பாகங்கள் அந்த வைக்கோல் நிறத்தில்தான் இருக்கும். 1937 வாக்கில் மௌசர் அதை நிறுத்திவிட்டது. 1940-களின் லூகரில் வைக்கோல் நிற ட்ரிகர் இருந்தால், வேறொன்றிலிருந்து கழற்றி மாட்டியதோ என்று பார்க்க வேண்டும்.

பி 38-ல் ஆரம்ப கால ஃபினிஷ் கண்ணாடி மாதிரி. 1944, 45-ல் வந்தவற்றில் கட்டர் ஓடிய தடம்கூட அப்படியே தெரியும். நம்ம லேபில் கொண்டுபோனால் மார்க் போடமாட்டார்கள். ஆனால் சேகரிப்பவர்கள் அந்தத் தடத்தைத் தேய்க்காமல் வைத்திருப்பதைத்தான் விரும்புகிறார்கள். அவசரத்தில், கட்டாயமாகப் பிடித்து வரப்பட்ட தொழிலாளர்களையும் முகாம் கைதிகளையும் வைத்து வேலை வாங்கிய காலம் அது. அந்தத் தடத்தை ஓட்டிய கை யாருடையதோ! வெறும் விலைப்பட்டியலாக மட்டும் என்னால் இதைப் பார்க்க முடியவில்லை.

சரி, மன்னார்புரத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? எங்கள் வீட்டில் அப்பா கையெழுத்து மட்டும் போடுவார், அம்மாவுக்கு அதுவும் கிடையாது. படிக்க வந்த முதல் ஆள் நான். அதனால் தெருவில் யாருக்கு என்ன காகிதம் வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எதிர்வீட்டுத் தாத்தாவின் அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்து இத்தாலிக்குப் போனவர். (1944-ல் அங்கே ஜெர்மன் கண்ணிவெடி மேல் விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றி ஜார்ஜ் கிராஸ் பெற்ற சுபேதார் சுப்பிரமணியமும் மெட்ராஸ் சாப்பர்ஸ்தான்.) அவர் கொண்டுவந்த கறுப்புத் தோல் உறை ஒன்று ட்ரங்குப் பெட்டியில் கிடந்தது. பழைய சாமான் வியாபாரி 500 ரூபாய் தருவதாகச் சொல்லியிருந்தார். "தம்பி, பின்னாடி என்னமோ இங்கிலீஷ்ல இருக்கு, கொஞ்சம் பாரேன்" என்றார் தாத்தா.

டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். 'பி.38' என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் மூன்று சின்ன எழுத்து, 43, தேய்ந்துபோன கழுகு. ஸ்கேல் வைத்து அளந்தால் 216 மி.மீ. துப்பாக்கி அடங்கும் அளவு, ஓரத்தில் உபரி மேகசினுக்குத் தனிப் பை. தையல் நூலும் தோலும் ஒரே மாதிரி வெளுத்திருந்தன, எங்கும் புதுத் தையல் இல்லை. "தாத்தா, 500-க்குக் குடுத்துடாதீங்க. எண்ணெய், பாலிஷ் எதுவும் போடாதீங்க. உங்க அப்பாவோட டிஸ்சார்ஜ் புத்தகம் இருந்தா இதோடயே வைங்க" என்றேன். யார், எங்கிருந்து கொண்டுவந்தார் என்ற காகிதம் கூட இருந்தால் பொருளுக்கு மதிப்பே வேறு. புத்தகம் கிடைத்தது. விற்பதா வேண்டாமா என்று அவர் மகளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். உறை வேறு, துப்பாக்கி வேறு. 9 மி.மீ. கைத்துப்பாக்கி நம் நாட்டில் தடை செய்யப்பட்ட ரகம். 1959-ம் வருட ஆயுதச் சட்டத்தில் 2019-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாமல் அந்த ரகத்தை வைத்திருந்தால் 7 வருடத்துக்குக் குறையாத சிறை, 14 வருடம் வரை போகலாம். பழசு, துருப்பிடித்தது, தாத்தா சொத்து என்பதெல்லாம் தானாகவே விலக்கு ஆகிவிடாது. ரிப்பேர் செய்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்குத்தான் சட்டம் விலக்குத் தருகிறது. அதை நாமே தீர்மானிக்க முடியாது. யார் வீட்டுப் பரணிலாவது அப்படி ஒன்று கிடைத்தால் கழற்றிப் பார்க்காமல், ட்ரிகரைத் தொடாமல், முதலில் போலீஸ் ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லுங்கள். கழுகையும் நம்பரையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.