ஜூனில் துபாய், கையில் எட்டு மாதக் குழந்தை

“அக்கா, ஜூன்ல துபாய் போறோம். நாத்தனார் வீடு கராமாவுல. பாப்பாவுக்கு அப்போ எட்டு மாசம் ஆயிருக்கும். போகலாமா, வேண்டாமா?”

மாடிவீட்டுப் பெண் கேட்டாள். டிக்கெட் போட்டாகிவிட்டது என்பதை அடுத்த மூச்சில் சொன்னாள். ஆக, எப்படிப் போவது என்பதுதான் உண்மையான கேள்வி. டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டு அவளிடம் நிதானமாகச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். கோடையில் கைக்குழந்தையோடு வெளிநாடு கிளம்பும் எல்லோருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

போகலாம். நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் என்றால் இன்னும் நன்றாக இருக்கும். குழந்தைக்கு மூன்று மாதம்கூட ஆகவில்லை என்றால் தள்ளிப்போடச் சொல்லியிருப்பேன். அந்த வயதில் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலே உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். ஊர் தெரியாத இடத்தில் அந்த ஓட்டம் வேண்டாம். எட்டு மாதம் பரவாயில்லை. ஒரே ஒரு நிபந்தனை: எந்த நேரத்தில் எங்கே போவது என்பதைக் குழந்தைதான் தீர்மானிக்க வேண்டும், பெரியவர்களின் பட்டியல் அல்ல.

“நாம பார்க்காத வெயிலா அக்கா?” என்றாள். சென்னைக்காரர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் துபாயில் ஜூன் பகல் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தொடும். ராத்திரியிலும் 28, 30 என்று நிற்கும். கடலோர ஊர் என்பதால் காற்றில் ஈரமும் அதிகம். நமக்கு வியர்க்கும், ஆனால் அந்த வியர்வை காயாது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். வெறுமனே வழிந்து ஓடினால் உடம்பிலிருந்து நீர்தான் குறையும், சூடு குறையாது. அங்கே ஆண்டுதோறும் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மதியம் 12.30 முதல் 3 மணி வரை, வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று அரசே தடை போட்டிருக்கிறது. வெயிலில் உழைத்துப் பழகிய வளர்ந்த ஆண்களுக்கே அந்த நேரம் ஆகாது என்றால், எட்டு கிலோ குழந்தைக்கு எப்படி ஆகும்?

குழந்தையின் உடம்பு ஏன் சீக்கிரம் சூடாகிறது என்பது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். சின்ன டம்ளரில் இருக்கும் டீ சொம்பில் இருப்பதைவிடச் சீக்கிரம் ஆறுகிறது, இல்லையா? உள்ளே இருக்கும் அளவு கொஞ்சம், வெளியே காற்றுப் படும் பரப்பு அதிகம். சுற்றிலும் அனல் இருந்தால் இதே கணக்கு தலைகீழாகும்: சின்ன உடம்பு சீக்கிரம் சூடேறும். நம் தோலின் வெப்பம் ஏறக்குறைய 35 டிகிரி. வெளிக்காற்று அதைத் தாண்டிவிட்டால் உடம்பிலிருந்து வெப்பம் வெளியே போவதற்குப் பதில் வெளியிலிருந்து உள்ளே வரும். அப்போது மிச்சமிருக்கும் ஒரே வழி வியர்வைதான். குழந்தைக்கு அதுவும் பெரியவர்கள் அளவுக்கு வராது. சட்டையைக் கழற்றவோ நிழலுக்கு நகரவோ தண்ணீர் கேட்கவோ அதற்குத் தெரியாது. அழும். அதைவிடக் கவலைப்பட வேண்டியது, அழவும் தெம்பில்லாமல் தூங்கிப் போவது.

தள்ளுவண்டி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வெயில் முகத்தில் அடிக்கிறதென்று மேலே ஒரு மெல்லிய துணியைப் போர்த்திவிட்டு, குழந்தை குளுகுளுவென்று தூங்குவதாக நினைத்துக்கொள்கிறோம். துணி வெளிச்சத்தை மறைக்கும். கூடவே காற்றையும் மறைக்கும். ஆஸ்திரேலியாவில் சிட்னி பல்கலைக்கழகத்தார் இதை அளந்தே பார்த்து 2023-இல் வெளியிட்டார்கள். காய்ந்த துணி போர்த்திய வண்டிக்குள் சூடு கூடியது. அதே துணியை நனைத்துப் போட்டு, ஒரு சின்ன விசிறியையும் மாட்டியபோது வெளியே இருந்ததைவிட நாலைந்து டிகிரி குறைந்தது. நனைந்த துணி காயும்போது சூட்டை இழுத்துக்கொள்கிறது. நம் ஊர் வெட்டிவேர்த் தட்டி செய்வதும் இதைத்தான்.

ஆனால் காற்றில் ஈரம் மிகுந்திருக்கும் நாளில் துணி காயவே தயங்கும், அதனால் பலன் குறையும். விசிறிக்கும் ஓர் எல்லை உண்டு. 40 டிகிரிக்கு மேல் போனால் மின்விசிறி உடம்பைச் சூடாக்கவே செய்யும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. மதியம் இரண்டு மணிக்கு வண்டியில் மாட்டிய குட்டி விசிறி குழந்தையின் முகத்தில் அடிப்பது அனலைத்தான். ஆகவே வண்டியின் கூரையே நிழலுக்குப் போதும், முன்பக்கம் திறந்தே இருக்கட்டும். கையை உள்ளே விட்டு, பிடரியையும் நெஞ்சையும் அடிக்கடி தொட்டுப் பாருங்கள். கை கால் ஜில்லென்று இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது; பிடரி சுட்டால், பிசுபிசுத்தால், குழந்தைக்குப் புழுங்குகிறது என்று அர்த்தம். பெல்ட்டின் உலோகக் கொக்கியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். வெயிலில் நின்ற வண்டியென்றால் அது தொடையில் சூடு வைத்துவிடும்.

நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் தூளிப் பையும் வெளியே சில நிமிடங்களுக்கு மேல் வேண்டாம். அம்மாவின் சூடும் பிள்ளையின் சூடும் ஒன்றாகச் சேரும், நடுவில் காற்றுப் புக இடமிருக்காது.

“அப்போ எப்போதான் வெளிய போறது?” என்றாள். இங்கேதான் குழந்தையின் கடிகாரம் கைகொடுக்கிறது. துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். இங்கே ஆறு மணிக்கு விழிக்கிற பாப்பா அங்கே நாலரைக்கே எழுந்து உட்காரும். அதை நாலைந்து நாளில் மாற்றப் படாத பாடு படுவார்கள். மாற்றவே வேண்டாம். ஜூனில் அங்கே ஐந்தரை மணி வாக்கில் சூரியன் வந்துவிடும். பால் கொடுத்து, அந்த நேரத்துக்கு ஜுமேரா கடற்கரையில் இருந்தால் ஏழு மணி வரை நன்றாக நடந்துவிட்டு வரலாம். அடுத்தது சூரியன் மறைந்த பிறகு, ஏழேகாலுக்கு மேல். கிரீக் ஓரம், அல் சீஃப் பக்கம் காலாற நடக்கலாம். நடுவில் இருக்கும் பகல் முழுதும் கூரைக்குக் கீழேதான். குளோபல் வில்லேஜ் போன்ற திறந்தவெளி இடங்கள் கோடையில் மூடித்தான் இருக்கும், அதனால் பெரிய இழப்பும் இல்லை. துபாய் மாலில் ஒரு கோடி லிட்டர் தண்ணீர் நிற்கும் மீன்தொட்டியின் கண்ணாடிச் சுவர் வெளியில் நடைபாதையிலிருந்தே தெரியும். டிக்கெட் எடுக்காமலே பார்க்கலாம். தலைக்கு மேல் நீந்தும் திருக்கை மீனை ஓர் எட்டு மாதக் குழந்தை இமைக்காமல் பார்ப்பதைவிட வேறென்ன சுற்றுலா வேண்டும்! பெரிய மால்களில் பால் கொடுக்க, துணி மாற்ற அறைகளும் உண்டு.

மாலுக்குள் வேறு ஒரு சிக்கல். வெளியே வியர்த்து நனைந்த பனியனோடு ஏசிக்குள் போனால் குழந்தைக்குச் சட்டென்று குளிரெடுக்கும். நுழைந்ததும் ஈர பனியனை மாற்றிவிட்டு மெல்லிய பருத்திச் சட்டை போடுங்கள், ஒரு சால்வையும் கையில் இருக்கட்டும். ஏசியே சளியைக் கொண்டுவராது. சளிக்குக் காரணம் வைரஸ். ஆனால் காய்ந்த காற்றில் மூக்கு அடைக்கும், உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும். ராத்திரி அறையை 24 டிகிரி வாக்கில் வைத்து, காற்று நேராகக் குழந்தைமேல் படாமல் பார்த்துக்கொள்ளலாம். வேர்க்குருவுக்குப் பவுடர் கொட்ட வேண்டாம். அது மூச்சில் போகும், மடிப்புகளில் கட்டிபட்டும் நிற்கும். வெதுவெதுப்பான குளியலும் காற்றாடும் பருத்தித் துணியுமே மருந்து.

போக்குவரத்துக்கு மெட்ரோதான் என் முதல் யோசனை. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப்பெட்டி உண்டு, நிலையங்களிலும் ஏசி. காரென்றால், நாலு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு அதற்கான இருக்கை கட்டாயம் என்பது அந்த நாட்டுச் சட்டம். மடியில் வைத்துக்கொண்டு போகும் நம் வழக்கத்தைச் சென்னை விமான நிலையத்திலேயே விட்டுவிட வேண்டும். நாத்தனாரிடம் சொல்லி இருக்கைக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யச் சொன்னேன். நிறுத்திய காரில் ‘ஒரு நிமிஷம்தானே’ என்று குழந்தையை விட்டுப் போவது மட்டும் எந்த ஊரிலும் கூடாது. பத்தே நிமிடத்தில் உள்ளே பத்து டிகிரி ஏறிவிடும்.

இனி பாலும் தண்ணீரும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு எவ்வளவு வெயிலானாலும் தனியாகத் தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலிலேயே நூற்றுக்கு 88 பங்கு தண்ணீர்தான். எட்டு மாதத்துக்குக் கொதித்து ஆறிய நீர் சிறு மிடறுகளாகத் தரலாம். வெயில் நாளில் குழந்தை அடிக்கடி கேட்கும், கொஞ்சம் குடித்துவிட்டு விலகிக்கொள்ளும். பால் போதவில்லையோ என்று பயப்படத் தேவையில்லை. முதலில் வரும் பால் நீர்த்திருக்கும், குழந்தை தாகத்துக்குக் குடிக்கிறது. அம்மாவும் பக்கத்தில் ஒரு பாட்டில் வைத்துக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். புட்டிப்பாலென்றால், கொதித்த நீரின் சூடு 70 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் கலக்கி, பிறகு ஆற்றிக் கொடுங்கள். குடித்து மிஞ்சியதை ஊற்றிவிடுங்கள். ‘அப்புறம் தரலாம்’ என்று பையில் வைத்த பால்தான் வயிற்றுப்போக்கின் ஆரம்பம்.

ஓஆர்எஸ் பொட்டலங்களை இங்கிருந்தே எடுத்துப் போகலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கலவைப்படி செய்தது என்று உறையில் இருக்க வேண்டும். சர்க்கரை மிகுந்த பழ பானங்களைப் பெயரில் ஓஆர்எஸ் என்று சேர்த்து விற்றுக்கொண்டிருந்தார்கள்; 2025 அக்டோபரில்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதை நிறுத்தச் சொன்னது. ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டரிலேயே கரைக்க வேண்டும், பாதிப் பொட்டலம் பாதி லிட்டர் என்று கண்ணளவில் கலக்கக் கூடாது. ஒவ்வொரு முறை வயிற்றால் போன பிறகும் 50 முதல் 100 மில்லி வரை, ஸ்பூனால், நிதானமாக. ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, உச்சிக்குழி உள்வாங்கியிருக்கிறது, அழுதால் கண்ணீர் வரவில்லை என்றால் ஸ்பூனோடு வீட்டில் காத்திருக்க வேண்டாம், மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். உடம்பு கொதித்து, குழந்தை துவண்டு, பால் குடிக்க மறுத்தால் 998-ஐ அழையுங்கள், அங்கே ஆம்புலன்ஸ் எண் அதுதான். வண்டி வரும்வரை குளிர்ந்த இடத்தில் துணியைக் களைந்து, சாதாரணத் தண்ணீரால் உடம்பை நனைத்து, விசிறிக்கொண்டே இருங்கள். வெயிலால் ஏறிய சூட்டைப் பாராசிட்டமால் இறக்காது. பயணக் காப்பீட்டில் குழந்தையின் பெயரும் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

பாட்டி கட்டிக் கொடுக்கும் மூட்டையில் ஒன்றைக் கட்டாயம் தேட வேண்டும்: கசகசா. அமீரகத்தில் அது தடைசெய்யப்பட்ட பொருள். சத்துமாவிலும் மசாலாப் பொடியிலும் அரைத்துச் சேர்த்திருந்தால் வெளியே எடுத்து வையுங்கள். டெய்ராக் கடைத்தெருவில் நல்ல தேன் கிடைக்கும், வாங்குங்கள். ஒரு வயது முடியும்வரை பாப்பாவின் நாக்கில் மட்டும் தடவாதீர்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி கைக்குழந்தைக்குத் தசைத் தளர்ச்சியை உண்டாக்கும்.

தட்டம்மை ஊசி நம் அட்டவணைப்படி ஒன்பது மாதம் முடிந்துதான் வரும். வெளிநாட்டுப் பயணமென்றால் ஆறு மாதத்துக்கு மேல் ஒரு கூடுதல் ஊசி போடும் வழக்கம் உண்டு. அது கணக்கில் சேராது, ஒன்பதாம் மாத ஊசியைப் பிறகு தனியாகப் போட வேண்டும். குழந்தை மருத்துவரை ஒரு மாதம் முன்பே பார்த்துக் கேளுங்கள். பாஸ்போர்ட்டும் விசாவும் குழந்தைக்குத் தனியாக வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

விமானம் நாலு மணி நேரச் சொச்சம்தான். இறங்க ஆரம்பிக்கும்போதுதான் காது வலிக்கும். தரை தொட அரை மணி நேரம் முன்பே இறக்கம் தொடங்கிவிடும், அப்போது பாலோ சூப்பானோ கொடுத்தால் விழுங்க விழுங்கக் காது திறக்கும். அதற்கு முன்பே வயிறு நிறையக் கொடுத்துவிட்டால் அந்த நேரத்தில் வாய் திறக்காது. தூங்க வைக்கவென்று சளி சிரப் கொடுக்கும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சில குழந்தைகளுக்கு அது மூச்சையே மந்தமாக்கும்.

கடைசியாக, “பாலைவன சஃபாரி புக் பண்ணிட்டாங்க அக்கா” என்றாள். மணல்மேட்டில் ஜீப் ஏறி இறங்கும் குலுக்கலுக்குக் குழந்தையின் கழுத்து தாங்காது, வண்டிக்காரர்களே கைக்குழந்தையை ஏற்ற மாட்டார்கள். ஒருநாள் அவள் கணவரும் நாத்தனார் பிள்ளைகளும் போகட்டும். இன்னொரு நாள் அவர் பாப்பாவைப் பார்த்துக்கொள்ள, அவள் நாத்தனாரோடு போய்விட்டு வரட்டும். பால் புகட்டிவிட்டுக் கிளம்பினால், அடுத்த வேளைக்குப் பிழிந்து ஃப்ரிட்ஜில் வைத்த பால் இருந்தால், அந்த ஒரு சாயங்காலத்தை அப்பா தாராளமாகச் சமாளிப்பார்.