கணினி விசிறியில் புஷ்ஷும் பேரிங்கும்

கணினியைக் குளிர்விக்கும் சிறு விசிறிகளின் சுழல்தண்டைப் பெரும்பாலும் புஷ் அல்லது பால் பேரிங் தாங்குகிறது.

புஷ் என்பது நுண்துளைகள் கொண்ட வெண்கலக் குழல். துளைகளில் ஊறியிருக்கும் எண்ணெய், தண்டு சுழலும்போது மெல்லிய படலமாகி உரசலைக் குறைக்கிறது. விலை குறைவு, புதிதில் ஓசையும் குறைவு. ஆனால் வெப்பத்தில் எண்ணெய் வற்றும். பிறகு விசிறி திடீரென இறுகி நின்றால், செயலி சூடேறிக் கணினி தானாக அணைந்துவிடும். பால் பேரிங் வெப்பத்தை அதிகம் தாங்கும். கெடுவதற்கு முன் பெரும்பாலும் இரைச்சல் எழுப்பும். கீழே விழுந்தால் மட்டும் அதன் குண்டுகள் ஓடும் தடம் பள்ளமாகக்கூடும்.

பொருத்தும் திசையும் முக்கியம். வீட்டு மேசை விசிறியில் தண்டு கிடையாக இருப்பதால் புஷ் போதுகிறது. தண்டு செங்குத்தாக உள்ள கூரை விசிறியில் பேரிங் இடுகிறார்கள். கணினிப் பெட்டியின் மேற்புறம் படுக்கையாக அமையும் விசிறிக்கும் பேரிங்கே ஏற்றது.

உற்பத்தியாளர் தரும் ஆயுள் மணிநேரத்தை, அது எந்த வெப்பநிலைக்கு உரியது என்று பார்த்தே ஒப்பிட வேண்டும். 'எல்10' என்றால் 10 விழுக்காடு விசிறிகள் பழுதாகிவிடும் காலம்.

உலர்ந்த புஷ்ஷுக்கு ஓரிரு சொட்டுத் தையல் இயந்திர எண்ணெய் சில காலம் கைகொடுக்கும். கொட்டாரம் போன்ற நாஞ்சில் நாட்டு ஊர்களில் முதலில் கைக்கு எட்டுவது தேங்காய் எண்ணெய்தான். காலப்போக்கில் பிசுபிசுக்கும் என்பதால் அது இதற்கு ஆகாது.