பிள்ளை வளர்ப்பின் வரவு செலவு

கோவளத்தைத் தாண்டி மாமல்லபுரம் போகிற வழியில், வடநெம்மேலியில் இருக்கிறது முதலைப் பண்ணை. ராமுலஸ் விட்டேக்கர் 1976-ல் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமையானால் கூட்டம் நெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் அசையாமல் கிடக்கும் முதலைகளைப் பார்த்து, அப்பாவின் தோளில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை "பொம்மையாப்பா?" என்று கேட்கும். கீழே படுத்திருப்பவர்களிலும் அப்பாக்கள் உண்டு என்ற சேதியை அந்த அப்பாக்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

சதுப்புநில முதலை மணலில் குழி பறித்து 25, 30 முட்டை இடும். ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து, முட்டைக்குள்ளிருந்தே குட்டிகள் கத்தத் தொடங்கும். சத்தம் கேட்டதும் தாய் வந்து மண்ணைத் தோண்டும். குட்டிகளை வாய்க்குள் எடுத்துக்கொண்டு மெல்லத் தண்ணீருக்கு நடக்கும். எலும்பை நொறுக்கும் தாடைக்குள், சாண் நீளத்துக்குச் சற்றே மிஞ்சிய குட்டி ஒரு கீறலும் இல்லாமல் போய்ச் சேரும். தாய் இப்படிச் செய்வது முன்பே தெரிந்த விஷயம். ஜெஃப்ரி லாங், விட்டேக்கர், ஹாரி ஆண்ட்ரூஸ் மூவரும் 1986-ல் எழுதிய கட்டுரைதான் புதுச் சேதி சொன்னது. ஆண் முதலையும் குட்டிகளை வாயில் எடுத்துத் தண்ணீருக்குக் கொண்டுபோகிறது. அதுவும் பண்ணையில் கண்ணெதிரே பார்த்து எழுதியது.

அதே கடற்கரையில், தை மாசி பங்குனியில் இன்னொரு தாய் கரையேறுகிறாள். பங்குனி ஆமை. ராத்திரியில் வந்து, பின்னங்கால்களால் குழி தோண்டி, நூறு முட்டைக்கு மேல் இட்டு, மண்ணைத் தள்ளி மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். பிறகு அந்தக் குழிப் பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை. ஆயிரம் குஞ்சில் ஒன்று பிழைத்தால் பெரிது என்பார்கள். மதுராந்தகம் வட்டத்து வேடந்தாங்கலுக்குப் போனால் கணக்கு மறுபடி மாறும். மஞ்சள் மூக்கு நாரை மூன்று, நான்கு முட்டைதான் இடுகிறது. ஆணும் பெண்ணும் முறை வைத்து அடைகாக்கின்றன, இரை கொண்டுவருகின்றன, உச்சி வெயிலில் சிறகை விரித்துக் குஞ்சுக்கு நிழல் தருகின்றன.

உயிரியலாளர் ராபர்ட் டிரிவர்ஸ் 1972-ல் இதற்கெல்லாம் ஒரு கணக்குச் சொன்னார். ஒரு பிள்ளைக்குச் செலவிடும் உழைப்பு இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்க முடியாத உழைப்பு. அதைப் பலருக்குத் தூவிவிடுவதா, சிலருக்குக் கொட்டிக் கொடுப்பதா என்பதை ஒவ்வொரு உயிரினமும் தன் போக்கில் தீர்த்துக்கொண்டிருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு நாள் சுற்றினால் அந்தக் கணக்கின் பல விடைகளையும் பார்த்துவிடலாம்.

மனிதப் பிள்ளைக்கு ஆகும் செலவு இவை எல்லாவற்றையும் தாண்டியது. ஐந்து வயதை ஒட்டிய பிள்ளை ஒரு நாளில் செலவழிக்கும் சக்தியில் 43 விழுக்காடு அளவுக்கு மூளை ஒன்றே எடுத்துக்கொள்கிறது என்று கிறிஸ்டோபர் குசாவாவின் குழு 2014-ல் கணக்கிட்டது. அந்த வயதில் உடம்பு மெதுவாக வளர்வதற்கும் அதுதான் காரணம் என்கிறார்கள். "தின்னது எங்கதான் போகுதோ" என்று தாய்மார்கள் அலுத்துக்கொள்கிறார்களே, அது போகிற இடம் தலை. இத்தனை செலவைப் பெற்றவள் ஒருத்தியால் ஈடுகட்ட முடியாது. பாட்டி, அத்தை, அண்ணன், அக்காள், பக்கத்து வீடு என்று பலர் கைமாற்றி வளர்த்ததால்தான் மனித இனமே தப்பிப் பிழைத்தது என்று மானுடவியலாளர் சாரா ஹர்டி நீண்டகாலமாக எழுதிவருகிறார். எனக்கு அதில் மறுப்பே இல்லை. இன்று மறைமலை நகர் பக்கம் ஒற்றை அறை வாடகை வீட்டில், ஷிப்டுக்குப் போகும் கணவன் மனைவி இரண்டு பேர் மட்டும் பிள்ளை வளர்ப்பதுதான் மனித வரலாற்றில் புதுசு. களைப்பாக இருக்கிறது என்று அவர்கள் சொன்னால், அந்தக் களைப்புக்கு லட்சக்கணக்கான வருஷத்துக் காரணம் இருக்கிறது.

பணம் அளவாக இருக்கும் வீட்டில் பிள்ளைக்கு என்ன குறை என்று கேட்டால், பொம்மை, டியூஷன், இங்கிலீஷ் மீடியம் என்று சொல்லிக்கொண்டே போகிறோம். ஆராய்ச்சிகளைப் படிக்கப் படிக்க எனக்கு உறுதியானது இது: பிள்ளைக்கு முதலில் வேண்டியது பதறாத ஒரு பெரியவரின் கொஞ்ச நேரம். அதற்குக் கடையில் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் காசு இல்லாத வீட்டில் முதலில் பறிபோவதும் அதுதான்.

தொடுதலில் இருந்து தொடங்குகிறேன். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசைப் பார்க்கப் போகிறவர்கள் பக்கத்திலேயே இருக்கும் குரங்குச் சிற்பத்தையும் பார்க்க வேண்டும். தாய்க் குரங்கு குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஆண் குரங்கு அதற்குப் பேன் பார்க்கிறது. கிருஷ்ண மண்டபத்துக்குள் பால் கறக்க நிற்கும் பசு, கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. பல்லவச் சிற்பி கண்டதை, மாண்ட்ரியலில் மைக்கேல் மீனி 1990-களில் எலிகளிடம் சோதித்தார். தாய் எலி அதிகம் நக்கி வளர்த்த குட்டிகள், பெரிதான பிறகு பயத்தையும் அதிர்ச்சியையும் சுலபமாகத் தாண்டின. அதிகம் நக்காத தாய்க்குப் பிறந்த குட்டியை, நக்கும் தாயிடம் விட்டு வளர்த்தாலும் அதே பலன். பிறப்பில் வராதது வளர்ப்பில் வந்தது.

நம் தோலிலேயே இதற்கென்று தனி நரம்பிழைகள் இருக்கின்றன. விநாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் மெல்லத் தடவினால்தான் அவை நன்றாக விழித்துக்கொள்ளும் என்று 2009-ல் கண்டுபிடித்தார்கள். கால் நீட்டி உட்கார்ந்து, பேரப்பிள்ளையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்க்கும் ஆயாவின் கை போகிற வேகம் அது. காசில்லாத வைத்தியம் என்றே சொல்லலாம். ஒன்றை மட்டும் விட்டுவிட வேண்டும்: மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது. மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். சாம்பிராணிப் புகையும் பச்சைக் குழந்தையின் நுரையீரலுக்கு ஆகாது.

அடுத்தது பேச்சு. மாமல்லபுரம் பக்கத்து மீனவர் ஊர்களான தேவனேரியிலோ கொக்கிலமேட்டிலோ சாயங்காலம் ஒரு வீட்டு வாசலில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருப்பார்கள். பிள்ளை பக்கத்தில் குந்திக்கொண்டு கேட்கும்:

"ஆயா, இதுக்கு முள்ளே இல்லியா?"

"இருக்குடா கண்ணு. சின்ன முள்ளு. மென்னு தின்னுடலாம்."

"வஞ்சிரத்துக்கு?"

"அது தொண்டைல மாட்டிக்கும். நீ ஒரு தலையக் கிள்ளு பாக்கலாம்."

கேள்வி, பதில், மறுகேள்வி, கைவேலை. ரேச்சல் ரோமியோ என்ற ஆய்வாளர் 2018-ல் நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளிடம் இதைத்தான் அளந்தார். வீட்டுப் பேச்சு முழுவதையும் பதிவு செய்து, பிறகு மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். காதில் விழுந்த சொற்களின் எண்ணிக்கையைவிட, பெரியவரும் பிள்ளையும் மாறி மாறிப் பேசிய தடவைகள்தான் மூளையின் மொழிப் பகுதி சுறுசுறுப்பாக இயங்குவதோடு பொருந்திவந்தன. வீட்டு வருமானம் எப்படி இருந்தாலும் அப்படியே. ஆயாவும் பேரனும் ஆய்ந்த அந்த நெத்திலியில், முள்ளோடு மென்று தின்பதால் சுண்ணாம்புச் சத்தும் சேர்கிறது. மத்தி மீனில் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய ஒமேகா-3 கொழுப்பு தாராளம். கடையில் டப்பாவில் விற்கும் சத்து மாவுக்குப் பணம் கொட்டுவதற்கு முன், இந்தக் கடற்கரைக்காரர்கள் தங்கள் கூடையைப் பார்க்க வேண்டும்.

இப்போது கடினமான இடத்துக்கு வருகிறேன். "அன்பு காட்டுங்கள், பேசுங்கள், காசா பணமா" என்று உபதேசம் செய்வது சுலபம். பணக் கவலை அந்த அன்புக்கு என்ன செய்கிறது என்பதைக் காட்டிய பெரிய ஆராய்ச்சி ஒன்று, நமக்குப் பக்கத்து மாவட்டங்களிலேயே நடந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபிர், ஜியாயிங் ஜாவோ நால்வரும் 2013-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்கள், 464 கரும்பு விவசாயிகள்.

கரும்புக்காரருக்கு வருஷத்துக்கு ஒரு தடவைதான் கையில் காசு. வெட்டு உத்தரவை ஆலை தருகிறது. ஒருவருக்கு முன்னே, இன்னொருவருக்குப் பின்னே. படாளம் ஆலைக்குக் கரும்பு அனுப்பும் மதுராந்தகத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அறுவடைக்கு முந்தைய மாதங்களில் நகை அடகுக் கடைக்குப் போகும், மளிகைக் கடையில் பாக்கி ஏறும். பணம் வந்தபின் மூச்சு விடலாம். ஆய்வாளர்கள் அதே ஆளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். ஒரு சோதனையில் '5 5 5' என்று காட்டி, எத்தனை இலக்கம் இருக்கிறது என்று கேட்பார்கள். மூன்று என்று சொல்ல வேண்டும். வாய் ஐந்து என்று சொல்லப் பார்க்கும். வடிவங்களில் விடுபட்டதைக் கண்டுபிடிக்கும் சோதனையும் உண்டு. அறுவடைக்கு முன் அதே விவசாயி மெதுவாகவும் தப்பாகவும் பதில் சொன்னார். சாப்பாட்டுக் குறை, உழைப்பு, மன அழுத்தம் ஆகியவற்றைக் கழித்துப் பார்த்தும் வித்தியாசம் நின்றது. வறுமையின் பாரம், ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருந்தவரின் மூளைத் தடுமாற்றத்தோடு ஒப்பிடும் அளவுக்கு இருந்தது என்றார்கள்.

புத்தி அதே புத்திதான். அதில் பாதியைக் கடன் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறது. மாசக் கடைசியில், தவணைக்காரர் வரும் நாளில், "ஏம்ப்பா நிலா கூடவே வருது?" என்று கேட்கும் பிள்ளைக்கு "போய்ப் படுடா" என்று பதில் வருகிறதென்றால், அந்த அப்பாவைக் குணத்தில் குறைந்தவர் என்று யாரும் சொல்ல வேண்டாம். 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஆயிரம் ரூபாயில் என்ன வந்துவிடும் என்கிறார்கள். தொகையைப் போலவே, அது மாதாமாதம் வரும் என்ற நிச்சயத்துக்கும் விலை உண்டு என்பது என் எண்ணம். வரும் என்று தெரிந்த காசு, ராத்திரிக் கணக்கைக் கொஞ்சம் சுருக்கும்.

ஜமைக்காவில் 1980-களின் நடுவில் சாலி கிரந்தம்-மக்கிரெகர் தொடங்கிய வேலையையும் இங்கே சொல்ல வேண்டும். கிங்ஸ்டன் நகரத்து ஏழை வீடுகளில், வயதுக்கேற்ற உயரமில்லாத 129 குழந்தைகள். ஒரு பகுதியினரின் வீட்டுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணியாளர் ஒருவர் போவார். காலி டப்பா, மூடி, அட்டை என்று தூக்கிப்போடும் சாமான்களில் செய்த பொம்மைகளை வைத்துத் தாயும் பிள்ளையும் விளையாடக் கற்றுக்கொடுப்பார். இரண்டு வருஷம். இருபது வருஷம் கழித்துத் தேடிப் போனால், அப்படி விளையாடிய பிள்ளைகள் மற்றவர்களைவிட 25 விழுக்காடு கூடுதலாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள்.

தமிழ்நாட்டிலேயே இதற்கு நெருங்கிய சான்று உண்டு. கார்த்திக் முரளிதரன், அலெஹாந்த்ரோ கனிமியான், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் மூவரும் 640 அங்கன்வாடிகளில் நடத்திய ஆய்வு. பாதி மையங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க மட்டும் அரை நாள் பணியாளர் ஒருவர் கூடுதலாக வைக்கப்பட்டார். பதிவேடு, எடை பார்ப்பது, சத்து மாவு, வீட்டுக்குப் போய் விசாரிப்பது என்று ஒரே ஆளாக அல்லாடிக்கொண்டிருந்த பணியாளருக்குக் கை கிடைத்தது. பாட நேரம் இரட்டிப்பானது. 18 மாதத்தில் மொழியிலும் கணக்கிலும் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். உயரக் குறைவும் கடுமையான சத்துக் குறைவும்கூடக் குறைந்தன. கட்டடம் மாறவில்லை, பொம்மை மாறவில்லை. கவனிக்க இன்னொரு பெரியவர் வந்தார். ஒவ்வொரு அங்கன்வாடிக்கும் அந்த இன்னொருவர் வேண்டும். இதைவிட நல்ல செலவு ஒரு அரசுக்கு எனக்குத் தெரிந்து இல்லை. 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எங்கும் கிடைக்கும் காலை உணவையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். பிள்ளையின் வயிறு நிறைகிறது. கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடும் தாய்க்கு விடியற்காலையில் அரை மணி நேரம் மிச்சமாகிறது.

அப்பாக்களுக்கு வருவோம். பிலிப்பைன்ஸின் செபு தீவில் 624 இளைஞர்களை லீ கெட்லரின் குழு நான்கரை வருஷம் பின்தொடர்ந்து, 2011-ல் முடிவை வெளியிட்டது. அப்பாவானவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் சுரப்பு சட்டென்று இறங்கியிருந்தது. நாளுக்கு மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு, அந்த வேலையில் கை வைக்காத அப்பாக்களைவிட அளவு குறைவு. ஆணின் உடம்பே பிள்ளை வளர்ப்புக்கு இடம்விட்டுத் தருகிறது. "ஆம்பளைக்கு அதெல்லாம் வராது" என்ற பேச்சுக்கு உடம்பில் ஆதாரம் இல்லை.

சட்டம்தான் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-ல் வந்த திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் நாளில் நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்துவரலாம் என்றது. ஒரகடம், மறைமலை நகர் ஆலைகளில் அதைக் கேட்டு வாங்க வேண்டும். பிள்ளை பிறந்தால் மத்திய அரசின் ஆண் ஊழியருக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் ஆலையில் ஷிப்டு பார்க்கும் அப்பாவுக்கு, அவருடைய கம்பெனியாக மனது வைத்துக் கொடுத்தால் ஒழிய, சட்டப்படி ஒரு நாளும் கிடையாது.