இரைச்சலும் தொழிலாளர் மனநிலையும்

பிவண்டி, மாலேகான், சூரத் முதலிய விசைத்தறி நகரங்களில் தறிக்கூடத்தினுள் முதன்முறையாக நுழைவோர் செவிகளைப் பொத்திக்கொள்வர். அங்கே பல்லாண்டுகள் உழைத்தவரோ, "பழகிவிட்டது" என்பார். இவ்விடையைக் கேட்டு நாமும் அமைதியடைந்துவிடுகிறோம். ஆயின் பழகியதுபோல் தோன்றுவது செவி மட்டுமே; இரைச்சலின் சுமையை மூளையும் மனமும் நாள்தோறும் தாங்கியே வருகின்றன.

இரைச்சலின் அளவு

ஒலியின் வலிமை டெசிபல் என்னும் அலகால் அளக்கப்படுகிறது. இவ்வளவுகோலில் 10 டெசிபல் உயர்ந்தால் ஒலியாற்றல் பத்து மடங்காகும். 3 டெசிபல் உயர்ந்தால் ஏறக்குறைய இரு மடங்காகும். எனவே, நாளொன்றுக்கு 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பதை வரம்பாகக் கொண்டால், 88 டெசிபலில் 4 மணி நேரமும், 91 டெசிபலில் 2 மணி நேரமுமே வேலை செய்யலாம். நாடா பாயும் தறிகள் நெருக்கமாக இயங்கும் கூடங்களில் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம்.

வெனிஸ் நகரத்துச் செப்புக் கொல்லர்கள் ஓயாத சம்மட்டி ஒலியால் செவித்திறன் இழந்ததை இத்தாலிய மருத்துவர் ரமாசினி 1713ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். உட்செவியிலுள்ள நுண்மயிர் உயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் தோன்றுவதில்லை. ஆகவே, "பழக்கம்" எனப்படுவதில் ஒரு பகுதி உண்மையில் செவிட்டுத்தன்மையே.

சிந்தனையில் விளையும் கேடு

இரைச்சல் வேலையின் வேகத்தைப் பெரிதும் குறைப்பதில்லை, கவனத்தையே குலைக்கிறது. பிரிட்டனில் நெசவாளர்களைக் காதடைப்பான் அணியச் செய்து ஆராய்ந்த வெஸ்டன், ஆடம்ஸ் ஆகியோர், அதனால் பணித்திறன் உயர்வதை 1932இல் வெளியிட்டனர். பின்னர் பிராட்பென்ட், லிட்டில் ஆகிய இருவர், திரைப்படச் சுருளில் துளையிடும் ஆலையொன்றில் சுவர்களுக்கு ஒலி உறிஞ்சும் பொருள்களைப் பொருத்தி ஆராய்ந்தனர். 1960இல் வெளிவந்த அவர்களது முடிவு கருதத்தக்கது. இரைச்சல் குறைந்த பகுதிகளில் தொழிலாளரின் பிழைகள் வெகுவாகக் குறைந்தன. வேலையின் வேகமோ அதனால் மாறியதாகத் தெரியவில்லை.

இதன் காரணம் எளிது. இரைச்சலில் மனம் தன் கவனத்தை முதன்மையான செயலொன்றின்மீது குவித்துக்கொள்கிறது. ஓரத்தில் தோன்றும் அடையாளங்களைத் தவறவிடுகிறது. அறுந்த பாவு நூலைக் காணத் தவறினால் துணி கெடும். எச்சரிக்கைக் குரலைக் கேட்கத் தவறினால் கை போகும். இத்தகைய பிழையை அசட்டை எனக் கருதித் தண்டிப்பது முறையன்று.

மனத்தில் தங்கும் சுமை

இரைச்சல் நின்ற பின்னரும் அதன் விளைவு நிற்பதில்லை. அமெரிக்க உளவியலார் கிளாஸ், சிங்கர் ஆகியோர் 1972இல் வெளியிட்ட ஆய்வுகளில், எதிர்பாராத இரைச்சலைக் கேட்டவர்கள், அது ஓய்ந்த பிறகும் கடினமான புதிர்களை விரைவில் கைவிட்டனர். இரைச்சலை நிறுத்தும் பொத்தான் தம் கையில் இருப்பதாக அறிந்தவர்களோ, அதை அழுத்தாதபோதும் அவ்வாறு எளிதில் சோர்ந்துவிடவில்லை. தன்னால் எதுவும் செய்ய இயலாது என்னும் உணர்வே மனத்தை மிகுதியும் வாட்டுகிறது.

உரத்த ஒலிதான் வேண்டும் என்பதில்லை. எவன்ஸ், ஜான்சன் ஆகியோர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், அலுவலகத்தின் மிதமான இரைச்சலில் 3 மணி நேரம் வேலை செய்த எழுத்தர்களிடம் அட்ரினலின் மிகுந்திருந்தது. புதிர்களை விடுவிக்கும் முயற்சி குறைந்திருந்தது.

இவ்வாறு களைத்த மனத்துடன் வீடு திரும்பும் தொழிலாளி சிறு சொல்லுக்கும் சினங்கொள்வதில் வியப்பில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லச் செவித்திறனும் குன்றுவதால், அவர் பேச்சைத் தவிர்த்துத் தனித்து ஒதுங்குகிறார். நடுவயதில் ஏற்படும் செவித்திறன் இழப்பு, முதுமையில் நினைவாற்றல் சிதைவதற்கான, தடுக்கத்தக்க காரணிகளுள் ஒன்று என லான்செட் ஆய்வுக் குழு 2017 முதல் கூறி வருகிறது.

செய்யத்தக்கவை

கருவி இல்லாத களப்பணியாளரும் ஓர் எளிய சோதனை செய்யலாம். கைக்கெட்டும் தொலைவில் நிற்பவரிடம் குரலை உயர்த்தியே பேச வேண்டியிருப்பின், இரைச்சல் 85 டெசிபலைத் தாண்டியிருக்கக்கூடும். அங்கே முதலிற் கவனிக்க வேண்டியது இயந்திரம். தேய்ந்த பாகங்களை மாற்றுதல், தளர்ந்த தகடுகளை இறுக்குதல், அடியில் ரப்பர்த் திண்டு வைத்தல் ஆகியவை மிகுந்த செலவில்லாதவை. அதன்பின் வேலையை முறைமாற்றிக் கொடுத்தலும், இரைச்சல் எட்டாத ஓய்விடம் அமைத்தலும் வேண்டும். காதடைப்பான் இறுதிக் காப்பே; அதையும் தொழிலாளர் தமக்குப் பொருந்துவதாகத் தேர்ந்துகொள்ள விடுதல் நன்று.

ஆசிரியர்க்கும் இதில் பங்குண்டு. தறித் தொழிலாளரான தந்தையொருவர் பள்ளிக்கு வந்து உரக்கப் பேசினால், அல்லது கேட்ட வினாவிற்கு விடை கூறாது நின்றால், அதனை மரியாதைக் குறைவு எனக் கொள்ளற்க. அவர் முகம் நோக்கி, நிதானமாக மீண்டும் கூறுக. செவிச் சோதனை செய்துகொள்ளுமாறும் தூண்டுக.