காருக்குள்ளும் ஒரு நெட்வொர்க்!

வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர்களை கேபிளால் இணைக்கிறோம் அல்லவா? அதேபோல் காரிலுள்ள இன்ஜின், பிரேக், ஏர்பேக் ஆகியவற்றின் குட்டிக் கம்ப்யூட்டர்களை முறுக்கிய இரண்டு வயர்கள் இணைக்கின்றன. 'கேன்' எனப்படும் இந்த முறையை பாஷ் நிறுவனம் 1986ல் அறிமுகப்படுத்தியது.

டேஷ்போர்டில் சம்பந்தமில்லாத பல விளக்குகள் ஒன்றாக எரிந்தால் முதலில் இந்த வயர்களைச் சந்தேகப்படுங்கள். இரண்டு பருவமழையும் கடலின் உப்புக் காற்றும் படும் குளச்சல், முட்டம் பகுதிகளில் கனெக்டர் பின்களில் களிம்பு ஏற வாய்ப்பு அதிகம். எலி கடிப்பது தனிக்கதை!

பேட்டரி இணைப்பைக் கழற்றிச் சில நிமிடங்கள் பொறுங்கள். ஸ்டியரிங்கின் கீழுள்ள ஓபிடி சாக்கெட்டில் 6, 14ஆம் பின்களுக்கு இடையே மல்டிமீட்டரில் ஓம்ஸ் பாருங்கள். வயரின் இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் 60 காட்ட வேண்டும். (நடுவே கேட்வே உள்ள சில புதிய கார்களில் இது பொருந்தாது.) 120 காட்டினால் எங்கோ வயர் அறுந்திருக்கலாம், அல்லது ஒரு முனை ரெசிஸ்டர் இணைப்பில் இல்லை. பூஜ்ஜியத்தை ஒட்டி நின்றால் இரு வயர்களும் ஒட்டிக்கொண்டுள்ளன. கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் பூஜ்ஜியம் மாறுகிறதோ, கோளாறு அதற்கு அப்பால்தான். மஞ்சள் நிற ஏர்பேக் கனெக்டரை மட்டும் தொடவே வேண்டாம்.

"ஈசியூ போச்சு, புதுசு மாத்தணும்" என்று மெக்கானிக் சொன்னால், பணம் கொடுக்கும் முன் "ஓம்ஸ் பார்த்தீங்களா?" என்று கேளுங்கள்.