மசியாத புழு

இளஞ்சிவப்புக் காய்ப்புழு பருத்திக் குடியானவனின் பரம சத்துரு. குஜராத்திலும், சீன தேசத்து யாங்ஸி நதிப் பிரதேசத்திலும், அமெரிக்காவின் அரிஸோனா மாகாணத்திலும் அதன்மீது ஏவப்பட்ட அஸ்திரம் ஒரே வகைப்பட்டது. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிர் உண்டாக்கும் புரதம், புழுவின் குடலைச் சிதைத்துக் கொல்லும். அப்புரதத்தைச் செடியே உற்பத்தி செய்துகொள்ளும்படி அமைத்ததே பி.டி. பருத்தி. அஸ்திரம் ஒன்றாயிருந்தும் பலன் ஏன் வேறுபட்டது?

நம் நாட்டில் இப்பருத்திக்கு 2002ல் அனுமதி கிடைத்தது. 2010ல் அம்ரேலி, பாவ்நகர், ஜூனாகத், ராஜ்கோட் ஆகிய 4 ஜில்லாக்களில் புழு நஞ்சுக்கு மசியவில்லையென்று விதைக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. இரண்டு புரதங்களுள்ள விதை 2006ல் வந்திருந்தது. சில வருஷங்களில் புழு அதையும் வென்றது.

அரிஸோனாவில் நடந்தது வேறு. அங்கே 1996 முதல் பி.டி. பருத்திக்குப் பக்கத்தில் நஞ்சற்ற சாதாரணப் பருத்தியையும் பயிரிட்டார்கள். 2006 முதல் மலடாக்கப்பட்ட அந்துப்பூச்சிகளைக் கோடிக்கணக்கில் வயல்களின்மீது பறக்கவிட்டார்கள். அமெரிக்கப் பருத்தி வயல்களில் இப்புழு அடியோடு ஒழிந்ததென்று 2018ல் அந்நாட்டு விவசாய இலாகா பிரகடனம் செய்தது.

சாதாரணப் பருத்தி எதற்கு? நஞ்சைத் தாங்கும் புழு ஆதியில் வெகு அபூர்வம். சாதாரணச் செடியில் வளர்ந்த ஏராளமான பூச்சிகளுடன் அது கூடினால், பிறக்கும் சந்ததியை நஞ்சு பெரும்பாலும் கொன்றுவிடும். அச்செடிகள் இல்லாவிடில், தாங்கியது தாங்கியதுடன் கூடிப் பெருகும். யாங்ஸிப் பிரதேசமே இதற்குச் சாட்சி. அங்கே குடியானவர்கள் கலப்பின விதையின் இரண்டாந் தலைமுறையை விதைக்கவே, நாலில் ஒரு செடி நஞ்சற்றதாயிற்று. தலைதூக்கிய எதிர்ப்பும் 2015க்குள் பின்வாங்கிற்று.

நம்மிடம் விதி இல்லாமலில்லை. வயலைச் சுற்றி 5 வரிசை, அல்லது நிலத்தில் நூற்றுக்கு 20 பங்கு, இவற்றில் எது அதிகமோ அவ்வளவு சாதாரணப் பருத்தி விதைக்க வேண்டுமென்றிருந்தது. அதற்காக 120 கிராம் விதை தனிப் பொட்டலமாகவும் தரப்பட்டது. பெரும்பாலோர் அதை விதைக்கவில்லை. போதாக்குறைக்கு, நமது கலப்பின ரகங்கள் நெடுநாள் நின்று, புழுவுக்கு மாதக்கணக்காக விருந்தளித்தன.

குடியானவனைக் குற்றஞ்சாட்டுவது எளிது. இரண்டு ஏக்கர் நிலமும் தலைக்குமேல் கடனும் உடையவன், பிரதிப்பிரயோஜனமின்றி ஐந்திலொரு பாகத்தைப் புழுவுக்கு விட்டுக்கொடுப்பானா? விதி எழுதியவர்கள் அதன் காரணத்தை அவனுக்கு எடுத்துரைத்தார்களா? நஷ்டத்திற்கு ஈடு தந்தார்களா? இரண்டு விதைகளையும் ஒரே பையில் கலந்து தரும் ஏற்பாடு பின்னர் வந்தது. வெள்ளம் வந்தபின் போட்ட அணை அது!

நஞ்சுக்குப் புழு மசியும் தன்மை ஊர்ப் பொது ஏரியைப் போன்றது; ஒருவர் மடையை உடைத்தால் அனைவர் வயலும் காயும். ஆகவே ஜில்லாதோறும் புழுவின் தன்மையை வருஷந்தோறும் சோதித்து, முடிவை ஜனங்களின் பாஷையில் வெளியிட வேண்டும். குறுகிய காலத்தில் விளையும் ரகங்களைப் பரப்ப வேண்டும். புதிய விதை எதுவாயினும், அதைக் காக்கும் ஏற்பாடு அதற்கு முன்னரே வயலை வந்தடைய வேண்டும். சர்க்கார் இதைச் செய்யும்வரை கேட்டுக்கொண்டேயிருப்பது நமது கடமை.